பெட்ரோல் காக்கின் தன்னாட்சி: ஒரு மறுப்பு

மோட்டார்சைக்கிள் டேங்கின் அடியில் இருக்கும் பெட்ரோல் காக்கை யார் திறப்பது, யார் மூடுவது என்ற வினாவுக்கு அறிஞருலகம் உரிய கவனம் தந்ததாகத் தெரியவில்லை. வினாவின் சாரம் நமக்குப் பழகியதுதான். வைணவத்தில் தென்கலையார் பூனைக்குட்டியையும் வடகலையார் குரங்குக்குட்டியையும் காட்டித் தலைமுறை தலைமுறையாக வாதிட்டது இதைத்தான்: குட்டி சும்மா இருந்தால் தாய் கவ்விக்கொள்ளுமா, குட்டியும் இறுகப் பற்றிக்கொள்ள வேண்டுமா? வேக்கம் காக் பூனைக் கட்சி. இன்ஜின் ஓடும்போது இன்டேக் பக்கம் எழும் உறிஞ்சல் ஒரு மெல்லிய டியூப் வழியே வந்து, காக்கின் முதுகில் உள்ள ரப்பர் டயபிரத்தை ஸ்பிரிங்கை மீறி இழுக்கும், பெட்ரோல் இறங்கும். இன்ஜின் நின்றதும் ஸ்பிரிங் அடைத்துவிடும். வண்டிக்காரர் எதையும் தொட வேண்டாம். மேனுவல் காக் குரங்குக் கட்சி. ஆன், ஆஃப், ரிசர்வ் எல்லாம் கைவேலை. இக்கட்டுரை குரங்குக் கட்சியைச் சார்ந்தது. மறதி மனிதனுக்கும் உண்டு, ரப்பருக்கும் உண்டு. ஆனால் மனிதன் மறந்தால் அதைத் திருத்த ஒரு திருகு இருக்கிறது, ரப்பர் மறந்தால் இல்லை என்பதே நம் வாதம்.

சான்றுக்கு கவாசாகி கேஎல்ஆர்650 வண்டியை எடுத்துக்கொள்ளலாம். 1987 முதல் 2018 வரை கார்புரேட்டரோடு விற்ற இந்த ஒற்றைச் சிலிண்டர் வண்டியின் டேங்க் சுமார் 23 லிட்டர் கொள்ளும். அத்தனை பெட்ரோலுக்கும் காவல் வேக்கம் காக். பல வேக்கம் காக்குகளின் குமிழில் ஆன், ரிசர்வ், பிரைம் என்ற மூன்று நிலைகள் உண்டு, ஆஃப் கிடையாது. பிரைம் எதற்கு? வண்டி மாதக்கணக்கில் நின்று கார்புரேட்டர் கிண்ணம் காய்ந்துபோனால், பெட்ரோல் வர இன்ஜின் ஓட வேண்டும், இன்ஜின் ஓடப் பெட்ரோல் வர வேண்டும். தருக்க நூலார் அன்யோன்யாசிரயம் என்று ஒதுக்கும் இந்தக் குற்றத்திலிருந்து தப்பவே, உறிஞ்சல் இல்லாமலும் பெட்ரோலை விடும் பிரைம் நிலையை வைத்தார்கள். கை வேண்டாம் என்று சொன்ன கருவியிலேயே கைக்கு ஒரு புறவாசல்! இன்னொன்று: த்ராட்டிலை முழுக்க முறுக்கினால் இன்டேக்கின் உறிஞ்சல் குறையும். தளர்ந்த டயபிரம், வண்டி மேட்டில் ஏறும்போது, பெட்ரோல் மிகவும் தேவைப்படும் அந்த நேரத்தில்தான் கைவிடும். டயபிரத்தில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தாலோ, பெட்ரோல் வேக்கம் டியூப் வழியாகவே இன்ஜினுக்குள் இழுபடும். வண்டி புகை கக்கும், மைலேஜ் விழும். பழி கார்புரேட்டர் மேல் போகும். அந்த டியூபைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே ஈரமும் பெட்ரோல் வாடையும் இருக்கும். ஆனால் அதைக் கழற்றிப் பார்க்க யாருக்கு முதலில் தோன்றுகிறது?

எதிர்த்தரப்பு சொல்லும்: மனிதன் மூட மறப்பான், கார்புரேட்டரின் மிதவை ஊசியும் சரியாக அடைக்காவிட்டால் பெட்ரோல் வழிந்து, சிலிண்டர் வழியே ஆயிலில் போய்க் கலக்கும். உண்மைதான். வயதான வேக்கம் காக்கின் சீல் இறுகிவிட்டால் நடப்பதும் இதேதான், ஆனால் அங்கே பெரும்பாலும் திருப்பி மூட ஆஃப் இல்லை. திறக்க மறப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். கிண்ணத்தில் இருப்பது தீர்ந்ததும் வண்டி தானே நின்று சொல்லிவிடும். புது டயபிரம் கிட் போட்டால் போதுமே என்பார்கள். போதும், அந்த ரப்பரும் இறுகும் வரை. விபத்தில் பெட்ரோல் டியூப் அறுந்து இன்ஜின் நின்றால் வேக்கம் காக் தானே மூடிக்கொள்ளும் என்ற வாதம் மட்டும் வலுவானது. அதற்கு இக்கட்டுரையிடம் முழு விடை இல்லை. நல்ல நிலையில் உள்ள வேக்கம் காக்குக்கே அந்தப் பெருமை சேரும் என்று மட்டும் சொல்லலாம்.

மாற்றுவதில் பெரிய வித்தை இல்லை. டேங்கைக் காலி செய்து, போல்ட் இடைவெளி பொருந்தும் மேனுவல் காக்கைப் புது ஓ-ரிங்கோடு பூட்ட வேண்டும். ரிசர்வ் என்பது தனி டேங்க் அல்ல. டேங்குக்குள் நிற்கும் இரு குழாய்களின் உயர வேறுபாடுதான் அது. எனவே புதுக் காக்கின் ஆன் நிலைக் குழாய் குட்டையாக இருந்தால் ரிசர்வும் குறையும். இனி கார்புரேட்டரில் வேக்கம் டியூப் செருகியிருந்த சிறு மூக்கு வெறுமனே நிற்கும். அதற்கு ஒரு ரப்பர் மூடி போட்டாக வேண்டும். விட்டால் அவ்வழியே காற்று புகுந்து கலவை மெலியும். மூடி போடாமல் ஓட்டிவிட்டு, "மேனுவல் காக் மாட்டினதிலிருந்து ஐடிலிங் ஏறிப்போச்சு" என்று புலம்புகிறவரை எதிர்த்தரப்புச் சாட்சியாக ஏற்பதற்கில்லை.