இன்ஜினை இறக்கணுங்க!

சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். கிழட்டு லாரியின் இன்ஜினுக்கு இதைவிட மலிவான பரிசோதனைக் கூடம் கிடையாது. வண்டி மூச்சு வாங்கி ஓரமாக நின்றால் போதும், வைத்தியர்கள் கூடிவிடுவார்கள். காப்பி மூட்டை ஏற்ற வந்தவர் "பம்ப் போச்சுங்க" என்பார். டீக்கடைக்காரர் "இன்ஜினை இறக்கணுங்க" என்பார். இலவச ஆலோசனை எப்போதும் விலை உயர்ந்த பாகத்தில்தான் போய் நிற்கும்.

புகையை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. கறுப்பென்றால் காற்று போதவில்லை அல்லது டீசல் அதிகம். முதலில் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்க்கலாம். நீலமென்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. சூடேறிய பின்னும் வெள்ளைப் புகை நிற்காமல், ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம்.

எந்த சிலிண்டர் ஓபி அடிக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு ஸ்பேனர் போதும். வண்டியை ஐடிலிங்கில் விட்டு, இன்ஜெக்டர் குழாய் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி இறுக்குங்கள். எதைத் தளர்த்தியும் சத்தம் மாறவில்லையோ, அதுதான் குற்றவாளி. இது பழைய பம்ப் இன்ஜினுக்கு மட்டும். காமன் ரெயில் இன்ஜினில் செய்தால் உயர் அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்துவிடும்.

புகையே இல்லாமல் இழுவை மட்டும் குறைந்தால் டீசல் ஃபில்டரை மாற்றிப் பாருங்கள். செலவு சில நூறு ரூபாய்தான். ஆனால் அப்படிச் சொன்னவரை யாரும் மெக்கானிக்காக மதிப்பதில்லை. இன்ஜினை இறக்கச் சொன்னவருக்குத்தான் டீ வாங்கித் தருகிறோம்.