ட்ரிபிள் ஈயா, ஈசிஈயா?

வா கண்ணு, உக்காரு. கவுன்சிலிங் போறியாமா, ட்ரிபிள் ஈயா ஈசிஈயான்னு முடிவாகலியாமா. உங்கொப்பன் ஒண்ணு சொல்றான், மாமன் ஒண்ணு சொல்றான். ரெண்டு பேரும் ஃபியூஸ் போனா என்னையத்தான் கூப்புடுறானுக, அதையும் கணக்குல வெச்சுக்க.

நம்ம கோயமுத்தூருக்குக் கரண்டு புதுசில்ல. 1932-ல பைக்காராத் தண்ணியில கரண்டு எடுத்தாங்க, மில்லுக பெருகுச்சு. 1937-ல ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் நாட்டுலயே மொத மோட்டாரு செஞ்சாங்க. மூணாங் கிளாஸோட பள்ளிக்கொடத்துக்குக் கும்புடு போட்ட ஜி.டி.நாயுடு எந்த பிராஞ்சுன்னு கேட்டுறாத. அவரே 1945-ல காலேஜ் தொடங்கி, எஞ்சினீருக்கு நாலு வருசம் வேண்டியதில்ல, ரெண்டே போதும்னாரு. வெள்ளக்காரன் ஒத்துக்கல, இவரு வெளிய வந்துட்டாரு. அந்தக் காலேஜ்தான் இன்னைக்குத் தடாகம் ரோட்டு ஜி.சி.டி. அங்க சீட்டு கெடச்சா, நாயுடு பேரைச் சொல்லி ரெண்டாம் வருசமே பொட்டியோட வந்து நிக்காத.

மோட்டார் ரூமை எட்டிப் பாரு. த்ரீ பேஸ், 415 வோல்ட்டு. தொட்டா ஆளத் தூக்கிப் போடும். மோட்டாரு, டிரான்ஸ்ஃபார்மரு, லைனு, பல்லடத்துக் காத்தாடி எல்லாம் ட்ரிபிள் ஈ. செவுத்துல ஒரு டப்பா இருக்குதுல்ல, உங்கொப்பன் வூட்டுல இருந்தே செல்லுல மோட்டாரைப் போடறது? கெணத்துல தண்ணி வத்துனாத் தானா நிறுத்தும். அதுக்குள்ள அஞ்சு வோல்ட்டுல ஓடற சிப்பு ஈசிஈ. உங்க அப்பத்தா சொல்லி நான் ஆடறாப்பல, அஞ்சு வோல்ட்டு சொல்லி நானூத்திப் பதினஞ்சு ஆடுது.

வைண்டிங் கருகுன வாசம் அடிச்சா உள்ள ஓடுவியா, வெளிய ஓடுவியா? உள்ளன்னா ட்ரிபிள் ஈ. ஈசிஈக் கோளாறுல பாதிக்குப் பொகையுமில்ல, வாசமுமில்ல. ஆசிலாஸ்கோப்புல அலையை உத்துப் பாத்துக்கிட்டே கெடக்கோணும், அதுக்குப் பொறுமை வேணும். கணக்குக்குப் பயந்து மாறலாம்னு நெனச்சீன்னா, ரெண்டுலயும் அது உன்னைய விடாது.

எனக்கென்னமோ வேற சந்தேகம். சரவணம்பட்டி ஐ.டி. கம்பெனிகள்ல போயிப் பாரு, ட்ரிபிள் ஈக்காரனும் ஈசிஈக்காரனும் பக்கத்துப் பக்கத்துச் சேர்ல உக்காந்து ஜாவா தட்டறானுக. உம் மனசுலயும் அதுதான்னா இப்பவே சொல்லிப்போடு சாமி, நாமெதுக்குத் தொண்டத் தண்ணி வத்தப் பேசோணும்?

செரி, மோட்டாரு ட்ரிப் ஆயிருச்சு. செருப்பை மாட்டிக்க, மெயினை ஆஃப் பண்ணு. மொதல்ல ஸ்டார்ட்டரத் தொறக்கறயா, டப்பாவத் தொறக்கறயான்னு இங்கிருந்தே பாத்துக்கறேன்.