டிரான்ஸ்பர் மாமா

ஜங்லிகாட் மீன் இறங்குதளத்துக்குப் போகிற வழியில் வலைக்கடை வைத்திருக்கும் அவருக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. ஊர் வைத்த பெயர் டிரான்ஸ்பர் மாமா. அந்தமானில் டிரான்ஸ்பர் என்றால் எல்லோருக்கும் அரசாங்க உத்தரவுதான் ஞாபகத்துக்கு வரும். மாமாவுக்கு அந்த டிரான்ஸ்பரில் துளி அக்கறை கிடையாது. அக்கா மகனைத் தென்கோடியில் இருக்கும் கேம்ப்பெல் பேக்கு மாற்றியபோது, "போயிட்டு வரட்டும், மீனு நல்லா கிடைக்கும்" என்றதோடு சரி. அவர் தூக்கம் கெடுவதெல்லாம் பெண்கள் கால்பந்தில் யார் எந்த கிளப்பை விட்டுப் போகிறார்கள் என்பதில்தான்.

ரசிகர்களில் கத்துகிற ரகம் உண்டு, கணக்குப் போடுகிற ரகம் உண்டு, தோற்றால் டிவியை அணைத்துவிட்டுச் சாப்பிடாமல் படுக்கிற ரகம் உண்டு. மாமா 'போயிருவாளோ' ரகம். தன் அணியின் பெண் கோல் அடித்ததும் மற்றவர்கள் எழுந்து குதிப்பார்கள். மாமா உட்கார்ந்துவிடுவார். "இப்படி அடிச்சா எவன் சும்மா விடுவான்? எங்கேயோ ஒருத்தன் பாத்துக்கிட்டுத்தான் இருப்பான்" என்பார். சரி, அடுத்த மூன்று ஆட்டத்தில் அவள் கோலே அடிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நிம்மதியாக இருப்பாரா? "என்ன ஆச்சு அந்தப் புள்ளைக்கு? யாரும் கேட்டு வரலையேன்னு மனசு விட்டுட்டாளோ?" என்று அதற்கும் ஒரு பெருமூச்சு.

இந்த நோய் எங்கே தொற்றியது என்று விசாரித்தால் மதுரைப் பக்கம் கை நீளும். மாமாவின் அப்பா கப்பலேறி வந்தது ராமநாதபுரம் சீமையிலிருந்து. 2019 மே மாதம் மதுரையின் சேது எஃப்.சி., லூதியானாவில் மணிப்பூர் போலீஸை 3-1 என்று வென்று இந்தியப் பெண்கள் லீக் கோப்பையைத் தூக்கியது. சேது என்ற பெயரே போதும், மாமா விழுந்துவிட்டார். அந்த அணியில் நேபாளத்துப் பெண் சபித்ரா பண்டாரி இருந்தார், கடலூர் இந்துமதி கதிரேசன் இருந்தார். அடுத்த சீசனில் சபித்ரா கோழிக்கோட்டின் கோகுலம் கேரளாவுக்குப் போய்விட்டார். மாமாவின் முதல் அடி அதுதான். ஒரு வாரம் முறுக்கிக்கொண்டு இருந்துவிட்டு, அவரும் கோகுலத்துக்கு மாறிவிட்டார். "டீம் என்ன தம்பி டீம், புள்ள எங்கே இருக்கோ அங்கேதான் நாம" என்று அதற்கு ஒரு தத்துவம் வேறு.

2020 பிப்ரவரி 14, பெங்களூரில் இறுதி ஆட்டம். கோகுலமும் மணிப்பூரின் கிரிப்ஸாவும் 2-2. கடலடி கேபிள் வராத காலம் அது. சென்னையிலிருந்து தீவுகளுக்கு 2,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் போட்ட கேபிளைத் திறந்தது அந்த ஆகஸ்டில்தான். அதுவரை சாட்டிலைட் இன்டர்நெட். போனில் சபித்ரா காலைத் தூக்குவார், திரையில் வட்டம் சுற்றும். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் சென்னையில் படிக்கிற மகன் போன் செய்து, சபித்ரா கடைசி நிமிடங்களில் அடித்துவிட்டார், 3-2, கோப்பை நம்முடையது என்று சொன்னான். மாமா மகனிடம் கேட்ட முதல் கேள்வி: "அடுத்த வருஷமும் அவ இங்கதானே ஆடுறா?"

மகன் சென்னைக்குப் படிக்கப் போன அன்று ஹேடோ துறைமுகத்தில் மாமா கையாட்டிவிட்டு, கப்பல் கண்ணை விட்டு மறைவதற்குள் கடையைத் திறக்க வந்துவிட்டவர் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அதை விடுங்கள், 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர் என்ற பெயரே ஊரை விட்டுப் போனது. ஸ்ரீ விஜயபுரம் என்று ஆணை வந்தது. கடைக்கு வந்தவர்களெல்லாம் அதைப் பேசினார்கள். மாமா, "அட்ரஸ்ல பின்கோடு அதேதானே?" என்று கேட்டுவிட்டு ஈயக்குண்டை எடை போடப் போய்விட்டார்.

ஆனால் 2022 ஆகஸ்ட் அவரை உலுக்கிவிட்டது. பஞ்சாபின் ஹோஷியார்பூர் பக்கத்துப் பெண் மனிஷா கல்யாண், முந்தைய நவம்பரில் பிரேசிலுக்கு எதிராக பிரேசிலிலேயே கோல் போட்டவர், கோகுலத்தை விட்டு சைப்ரஸின் அப்போலான் கிளப்புக்குப் போயிருந்தார். அந்த மாதம், வெளியார் தலையீடு என்று சொல்லி ஃபிஃபா இந்தியக் கால்பந்து சம்மேளனத்தைச் சஸ்பெண்ட் செய்தது. ஆசிய கிளப் போட்டிக்காக உஸ்பெகிஸ்தான் போயிருந்த கோகுலம் அணி தாஷ்கண்டில் இறங்கிய கையோடு செய்தி வந்தது: ஆட முடியாது. அங்கே மொத்த அணியும் பூட்ஸைக் கட்ட முடியாமல் உட்கார்ந்திருக்க, இன்னொரு பக்கம் ஆகஸ்ட் 18 அன்று மனிஷா மாற்று ஆட்டக்காரராக இறங்கி, ஐரோப்பிய பெண்கள் சாம்பியன்ஸ் லீகில் ஆடிய முதல் இந்தியர் ஆனார். ஓடிப்போனவள் ஆடுகிறாள், இருந்தவர்கள் ஆடவில்லை! மாமாவின் கவலைக்கு இதைவிடப் பெரிய அடி விழ முடியாது. நியாயமாகப் பார்த்தால் அவர் அன்றோடு திருந்தியிருக்க வேண்டும். அவரோ கவலையை இரண்டாகப் பிரித்துக்கொண்டார். காலையில் தாஷ்கண்டுக்கு, மாலையில் சைப்ரஸுக்கு.

சபித்ராவும் பிறகு இஸ்ரேலுக்குப் போய், அங்கிருந்து பிரான்ஸின் கிங்காம்ப்புக்குப் போய், அப்புறம் நியூஸிலாந்துப் பக்கம் வெலிங்டனுக்கும் போயாயிற்று. மனிஷா சைப்ரஸிலிருந்து கிரீஸ், அங்கிருந்து பெரு. மாமாவின் கடைச் சுவரில் உலக வரைபடம் ஒன்று தொங்குகிறது. மீனவர்கள் அதை ஏதோ கடல் நீரோட்டப் படம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்துமதி மட்டும் அவரைக் கொஞ்சம் ஆறுதல் படுத்துவார். தமிழ்நாடு போலீஸில் சப்-இன்ஸ்பெக்டர். கிளப் மாறி ஒடிஷாவுக்கு ஆடி 2023-24 கோப்பையை வாங்கினாலும், வேலை தமிழ்நாட்டில்தானே. "யூனிபார்ம் போட்டவ எங்கேயும் போயிர முடியாது தம்பி, லீவு சாங்ஷன் ஆகணும்."

மாமி இந்த விஷயத்தில் ரொம்பக் கறார். மிச்சம் பிடித்த நெத்திலியை ஆய்ந்துகொண்டே ஒரு நாள் கேட்டார்: "எத்தனை டீமுங்க உங்க லீக்குல?"

"எட்டு."

"ஒரு டீமுக்கு எத்தனை ஆட்டம்?"

"பதினாலு."

"ஜனவரியில ஆரம்பிச்சு ஏப்ரல்ல முடிச்சுட்டானுவ. பதினாலு ஆட்டம் ஆடிட்டு, மிச்ச மாசமெல்லாம் அந்தப் புள்ளைங்க உங்க கடையில வந்து வலை முடியணுமா? கூப்பிடுற எடத்துக்குப் போகாம என்ன செய்யும்?"

எனக்கென்னவோ கால்பந்து சம்மேளனத்துக்கு யாராவது அறிக்கை எழுதுவதென்றால் மாமியை வைத்து எழுதலாம் என்றுதான் படுகிறது. மாமா பதில் சொல்லவில்லை. தங்கூசி வலைக்கு விலை கேட்டு வந்தவரிடம், இங்கிலாந்தில் ஒலிவியா ஸ்மித் என்ற பெண்ணை லிவர்பூலிடமிருந்து ஆர்செனல் பத்து லட்சம் பவுண்டுக்கு வாங்கிய கதையை எடுத்துவிட்டார். "நம்ம காசுக்குப் பதினோரு கோடிக்கு மேல. எத்தனை டன் வஞ்சரம்னு பாத்துக்க." வந்தவர் அரை கிலோ நூல் மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.

இதுவரை பார்த்ததெல்லாம் தூரத்து இடி. வீட்டு முற்றத்தில் விழுந்தது 2025-இல். உகாண்டாவின் ஃபாசிலா இக்வாபுட், கோகுலத்துக்காக 2023-24 சீசனில் 13 கோல் அடித்து லீகிலேயே முதலிடம்; அடுத்த சீசனில் 24 கோல், மறுபடியும் முதலிடம். அவ்வளவு அடித்தும் கோப்பை இரண்டு முறையும் கை நழுவியது. இரண்டாவது முறை தூக்கிக்கொண்டு போனது ஈஸ்ட் பெங்கால். அதன் பயிற்சியாளர் ஆண்டனி ஆண்ட்ரூஸ் யார்? கோகுலத்துக்கு இரண்டு கோப்பை வாங்கிக்கொடுத்த அதே ஆள். முன்கள ஆட்டக்காரர் சௌம்யா குகுலோத்? அவரும் பழைய கோகுலம். ஆகஸ்டில் ஃபாசிலாவும் அங்கேயே போய்விட்டார்.

பெருவுக்குப் போயிருந்தால்கூட மாமா தாங்கியிருப்பார். ஈஸ்ட் பெங்கால்தான் தாங்கவில்லை. காரணம், நேர் எதிரே ஐஸ் பெட்டியோடு உட்கார்ந்திருக்கும் மீன்கடை வங்காளி தாதா. 1949-லிருந்து கிழக்கு வங்க அகதிகளைக் கப்பல் கப்பலாகக் கொண்டுவந்து குடியமர்த்திய தீவு இது. தாதாவின் தாத்தாவும் அப்படி வந்தவர். அந்தக் குடும்பங்களுக்கு ஈஸ்ட் பெங்கால் என்பது குலதெய்வத்துக்கு அடுத்தது. அணி ஜெயித்தால் இலிஷ் மீன் சமைத்தே ஆகவேண்டும். ஃபாசிலா சேர்ந்த செய்தி வந்த அன்று தாதா கொல்கத்தாவிலிருந்து ஐஸில் வந்த இலிஷில் ஒரு துண்டை வாழையிலையில் சுற்றி மாமாவுக்கு அனுப்பினார். நல்ல மனசோடு அனுப்பினாரா, வயிறெரியட்டும் என்று அனுப்பினாரா என்பது இன்றுவரை துலங்கவில்லை. மாமி பொரித்தார். மாமா முள்ளை எடுத்தபடி, "ஃபாசிலா மீனு" என்றார். ஆனாலும் முழுசும் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு மாமா கட்சி மாறினாரா இல்லையா என்பது ஜங்லிகாட்டில் தீராத வழக்கு. மாறவில்லை என்பார். ஆனால் நவம்பரில் வூஹானில் ஆசியப் பெண்கள் சாம்பியன்ஸ் லீக் ஆட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் இரானின் பாம் காத்தூனோடு மோதியபோது, தாதாவின் ஐஸ் பெட்டிமேல் இருந்த போனை இருவரும் சேர்ந்துதான் பார்த்தார்கள். முந்தின நாள் இரவே தாதா போனை முழுசாகச் சார்ஜ் போட்டு வைத்திருந்தார். ஃபாசிலா ஒரு கோல் போட்டார். தாதா பெட்டியை ஓங்கித் தட்டியதில் இரண்டு சூரை தரையில் விழுந்தன. ஈஸ்ட் பெங்கால் 3-1 என்று ஜெயித்தது.

மாமா அசையவில்லை. கன்னத்தில் கை.

"க்யா ஹுவா அண்ணா? ஜீத் கயா நா!" என்றார் தாதா.

மாமா அந்தமான் இந்தியில் நிதானமாக எடுத்துச் சொன்னார். ஆட்டம் எங்கே நடக்கிறது? சீனாவில். பார்க்கிறவன் யார்? சீனாக்காரன். போட்டியை நடத்துகிற வூஹான் கிளப் யார்? போன தடவை ஆசியக் கோப்பையை வாங்கினவன். பணம் இருக்கிறவன். இந்தக் கோலை அவன் பார்க்காமலா இருப்பான்?

தாதா சிரித்தார். மீனைப் பொறுக்கிக் கழுவி வைத்தார். ஒரு வாடிக்கைக்காரருக்கு ஒரு கிலோ கேட்ட இடத்தில் ஒன்றரை கிலோ போட்டார். காசை எண்ணாமல் கல்லாவில் போட்டார். கொஞ்ச நேரம் கழித்து, கையைத் துடைத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டி வலைக்கடைக்கு வந்து, யாரும் கேட்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அண்ணா, ஃபாசிலா கா கான்ட்ராக்ட் கப் தக் ஹை?" ஃபாசிலாவுக்கு எதுவரைக்கும் கான்ட்ராக்ட் என்று.

"பைட்டோ தாதா," என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார் மாமா. இத்தனை வருஷத்தில் அவர் முகத்தில் அவ்வளவு தெளிச்சியை நான் பார்த்ததில்லை.