கல் வைக்கும் உத்தியோகம்

1976 கோடை விடுமுறையில் எனக்கு ஓர் உத்தியோகம் கிடைத்தது. வயது பத்து. சம்பளம் கிடையாது, ஏற்காடு போய்ச் சேர்ந்ததும் ஒரு கோலி சோடா உண்டு. மலைப்பாதையில் அப்பா காரை நிறுத்தும்போதெல்லாம் நான் கதவைத் திறந்து குதித்து, காலடியில் தயாராக இருக்கும் கருங்கல்லைப் பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். வண்டி கிளம்பிப் பத்தடி போனதும் கல்லைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து ஏறிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அது என்ன கார் என்று சொல்ல மாட்டேன். அன்றைக்குச் சாலையில் ஓடியதே அம்பாசிடர், ஃபியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று விரல் விட்டு எண்ணக்கூடிய கார்கள்தான். புதுசு வேண்டுமென்றால் பணத்தைக் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அப்பாவிடம் பணமும் இல்லை, பொறுமையும் இல்லை. ஆகவே மூன்று கை மாறிய வண்டி ஒன்று சேலத்தில் எங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்தது. ஹேண்ட்பிரேக் பழைய முதலாளிகளோடே போய்விட்டிருந்தது. அதற்குத் தயாரித்தவர்கள் என்ன செய்வார்கள்?

சமீபத்தில் மகன் அதே ஏற்காட்டுக்கு என்னை அழைத்துப் போனான். அவன் வண்டி நிசான் மேக்னைட். சென்னையை அடுத்த ஒரகடத்தில் செய்தது என்பதால் ஊர்க்கார வண்டி என்றே வைத்துக்கொள்ளலாம். ‘காம்பாக்ட் கிராஸ்ஓவர்’ என்றான். எனக்குப் புரிந்தவரை, காராகப் பிறந்து ஜீப்பாக வேஷம் கட்டியது. ஜீப்பைப் போல உயர்ந்து நிற்கிறது. ஆனால் இழுப்பது முன்சக்கரங்கள் இரண்டு மட்டுமே. தரைக்கும் வண்டியின் வயிற்றுக்கும் இடைவெளி 205 மில்லிமீட்டர். காடு மலை ஏறுவதற்கல்ல, நம் ஊர் வேகத்தடைகளைத் தாண்டுவதற்கு.

நீளம் 3,994 மில்லிமீட்டர். ஆறே ஆறு மில்லிமீட்டர் சேர்த்து நான்கு மீட்டராக்கி இருக்கலாமே என்று கேட்டேன். நான்கு மீட்டருக்குள், 1,200 சிசிக்குள் இருக்கும் பெட்ரோல் கார் ‘சிறிய கார்’. 2006 பட்ஜெட்டில் அதற்கு வரிச்சலுகை வந்தது. 2025 செப்டம்பரிலிருந்து இந்தச் சிறிய கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், கோட்டைத் தாண்டியவற்றுக்கு 40. வண்டியின் பின்புறம் ஏன் வெடுக்கென்று நறுக்கியது போல முடிகிறது என்று அப்போதுதான் விளங்கியது. அந்தக் கால ஃபியட்டும் நான்கு மீட்டருக்குள் அடங்கியதுதான். பாவம், யாரும் அதை அளந்து பார்த்துச் சலுகை கொடுக்கவில்லை.

எஞ்சின் கதை இன்னும் வேடிக்கை. அம்பாசிடரின் 1,489 சிசி எஞ்சின் தந்தது ஏறக்குறைய 50 குதிரைச் சக்தி. மகனின் வண்டியில் 999 சிசி, மூன்றே சிலிண்டர், 100 குதிரைச் சக்தி. நடுவில் புகுந்த மாயம் டர்போ. வெளியே போகிற புகையின் வேகமே ஒரு சிறு சக்கரத்தைச் சுற்றும். அது காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். காற்று கூடினால் எரிபொருளும் கூட எரியும். போகிற புகையையும் சும்மா விடாமல் வேலை வாங்குவது. அப்பா இருந்திருந்தால் மிகவும் ரசித்திருப்பார்.

கியர் மாற்றும் வேலையும் இல்லை. சிவிடி என்கிறார்கள், பற்சக்கரங்களை மாற்றி மாற்றிப் போடுவதற்குப் பதில், அகலமும் குறுகலுமாக மாறும் இரண்டு கப்பிகளுக்கு நடுவே ஒரு பெல்ட் ஓடுகிறது. அந்த ஜாதி வண்டிகளுக்கே உரிய குணம் ஒன்று உண்டு. ஏற்றத்தில் காலை அழுத்தினால் முதலில் சத்தம் வரும், பின்னால் வேகம் வரும். எங்கள் வீட்டுப் பெரியப்பாவும் அப்படித்தான்.

மலையேறிக்கொண்டிருந்தபோதுதான் கவனித்தேன். இந்த வண்டியில் இருக்கும் வசதி ஒவ்வொன்றும் எங்கள் வண்டியிலும் இருந்தது, ஆள் வடிவத்தில். 80 கிலோமீட்டரைத் தாண்டினால் பீப் அடிக்கிறது. 2019 ஜூலை முதல் எல்லாப் புதுக் கார்களிலும் அது கட்டாயம். எங்களுக்கு 40-லேயே அடித்தது, பெயர் அம்மா: “ஏங்க, மெதுவாத்தான் போங்களேன்.” பின்னால் எடுக்கும்போது எச்சரிக்கும் சென்சாரும் கட்டாயம். எங்கள் சித்தப்பா டிக்கியைத் தட்டித் தட்டி, “வரலாம், வரலாம்” என்பார். இடித்த பிறகு, “போதும்” என்பார். வண்டியை மேலிருந்து பார்ப்பது போலக் காட்டும் கேமரா? மூலைக்கொன்றாக நின்ற நாங்கள் நான்கு பிள்ளைகள். வழி காட்டும் போன்? அடிவாரத்து டீக்கடைக்காரர், என்ன ஒன்று, அவர் கையிலிருந்த டீயை ஆற்றி முடித்த பிறகுதான் வழி சொல்வார்.

இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதி தாண்டியிருப்போம். மேலிருந்து இறங்கிய பஸ் ஒன்று வளைவு முழுவதையும் எடுத்துக்கொண்டது. மகன் ஏற்றத்திலேயே நிறுத்தினான். என் கை தானாக பெல்ட்டைக் கழற்றியது, மற்றொரு கை கதவைத் திறந்தது. உடனே வண்டி வீல் வீலென்று கத்த ஆரம்பித்தது.

“என்னப்பா, எங்க இறங்கறீங்க?”

“கல் வைக்க.”

அவன் சிரித்தபடியே பிரேக்கிலிருந்து காலை எடுத்துக் காட்டினான். வண்டி பின்னால் உருளவில்லை. ஏற்றத்தில் கிளம்ப உதவும் வசதியாம். பிரேக்கிலிருந்து கால் ஆக்சிலேட்டருக்குப் போய்ச் சேரும்வரை ஓரிரு விநாடி அதுவே பிடித்துக்கொள்ளும். ஆக, நான் பார்த்த உத்தியோகத்தின் மொத்த மதிப்பு இரண்டு விநாடி.

விட்டுக்கொடுக்க மனமில்லாமல் அந்த நாள் பெருமையை எல்லாம் எடுத்துச் சொன்னேன். முன்சீட்டில் மூன்று பேர், மடியில் தம்பி, பெல்ட்டும் இல்லை பீப்பும் இல்லை, எத்தனை கலகலப்பு என்றேன். மகன் வளைவைத் தாண்டிய பிறகு மெதுவாகக் கேட்டான்: “பத்து வயசுப் பையனையா தாத்தா பின்சக்கரத்துக்குப் பின்னாடி குனிய விட்டாரு?”

இத்தனை வருஷத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை. கல் வழுக்கியிருந்தால் இதைச் சொல்ல நான் இருந்திருக்க மாட்டேன். அப்பா கல் நெஞ்சக்காரர் அல்ல, அவருக்கும் தோன்றியிருக்காது. அன்றைக்குப் பிள்ளைகள் வண்டியின் உதிரிப் பாகங்கள். இன்றைக்கு வண்டி, பிள்ளைகள் செய்த வேலையைச் செய்கிறது. எது முன்னேற்றம் என்று கேட்டால், சந்தேகமில்லாமல் இதுதான்.

ஆகவே வாங்க நினைப்பவர்களுக்கு என் தீர்ப்பு: தாராளமாக வாங்கலாம். இழுவை இருக்கிறது, இடம் இருக்கிறது. டிக்கி 336 லிட்டர்; இரண்டு பெட்டி, ஒரு பை, ஓரமாக ஒரு கருங்கல் தாராளமாகக் கொள்ளும். அளந்து சொல்லவில்லை, வைத்தே பார்த்துவிட்டேன். மகனுக்கு இன்னும் தெரியாது.