நுழைந்தால் போதுமா?

சிம்பாங் ரெங்கத்தில் கறிவேப்பிலைச் செடிக்குத் தானாகத் தண்ணீர் ஊற்றும் கருவி செய்கிறேன் என்றால், சிரிக்காமல் கேட்க எங்கள் தாமானில் ஆள் இல்லை. மத்தியானத்துக்கு மேல் வானமே ஊற்றிவிடுகிற ஊர் இது. இருந்தாலும் வேலை ஓய்வு பெற்றவனுக்கு ஓர் அர்டுயினோ பலகை, ஒரு சின்ன பம்ப், மண்ணில் குத்தி ஈரம் பார்க்கும் சென்சார் கிடைத்தால் பொழுது நன்றாக ஓடும். பம்ப்தான் ஓட மறுத்தது. அதற்கும் பலகைக்கும் சேர்த்து ஓர் அடாப்டர் வேண்டும்.

அடாப்டருக்கா பஞ்சம்? எங்கள் வீட்டிலும் ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. போன் செத்தது, ரேடியோ செத்தது, மகனுடைய விளையாட்டுக் கார் செத்தது. அடாப்டர்கள் மட்டும் வாலோடு வால் பின்னிக்கொண்டு சிரஞ்சீவியாகக் கிடக்கின்றன. “என்னைக்காவது உதவும்” என்று சொல்லிச் சொல்லியே டின் நிறைந்துவிட்டது.

பக்கத்து வீட்டுத் தம்பி ஒன்றை உருவிப் பலகையில் சொருகினான். “நுழையுதுல்ல அங்கிள், அப்புறம் என்ன?”

நுழைவதில்தான் வம்பே. இந்த மாதிரிப் பிளக்கில் இரண்டு வகை. வெளி விட்டம் இரண்டிலும் 5.5 மில்லிமீட்டர்தான், உள்துளை மட்டும் 2.1 அல்லது 2.5. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. 2.1 ஊசியில் 2.5 துளை ஜோராக உட்காரும். வயரைத் தொட்டால் கரண்ட் போகும், விட்டால் வரும்.

அடுத்து, “5 ஆம்பியரா? போர்டு வெந்துடும் அங்கிள்!” என்று பதறினான். கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளி பெரிதாக இருந்தால் இலை கிழிந்துவிடுமா? ஆம்பியர் என்பது அடாப்டர் தரக்கூடிய அளவு. பலகை தனக்கு வேண்டியதைத்தான் எடுத்துக்கொள்ளும். (நம் பந்திகளில் போதும் போதும் என்றாலும் ஊற்றுவார்கள், அது வேறு.) பயப்பட வேண்டியது வோல்ட்டுக்கு. அதற்குத்தான் யாரும் பயப்படுவதில்லை.

எல்லாம் அடாப்டரின் முதுகிலேயே எழுதியிருக்கிறது, என் வயதுக்காரர்கள் படிக்கவே கூடாது என்ற அளவு எழுத்தில். போனில் படம் பிடித்துப் பெரிதாக்கினோம். தம்பி முதல் வரியைப் படித்துவிட்டு “240 வோல்ட்!” என்று அலறினான். அது சுவரிலிருந்து உள்ளே போவதடா, வெளியே வருவது அடுத்த வரியில். அந்த வரியில் எண்ணுக்குப் பக்கத்தில் அலை போல் ஒரு வளைவு இருந்தால் ஏசி, நேர்கோட்டின் அடியில் புள்ளிக்கோடு இருந்தால் டிசி. அதற்கும் கீழே ஒரு புள்ளி, அதை அணைத்தபடி ஒரு பிறை, இரு பக்கமும் பிளஸ், மைனஸ். அர்டுயினோவுக்கு நடுவில் பிளஸ் வேண்டும். டின்னில் கிடந்த ஒரு 9 வோல்ட், பஜனைக் குழுவின் பழைய காசியோ கீபோர்டுக்கு உரியது. அதில் நடுவில் மைனஸ். அளவெல்லாம் அச்சாகப் பொருந்தும், ஆனால் தலைகீழ்.

கையில் எடுத்தாலே கனக்கிற பழைய அடாப்டர் ஒன்றில் 12 வோல்ட் என்று போட்டிருந்தது. மல்டிமீட்டரை வைத்தால் 16-ஐத் தாண்டுகிறது. உள்ளே வெறும் டிரான்ஸ்ஃபார்மர்தான். சுமை ஏறினால்தான் 12-க்கு இறங்கி வரும். அர்டுயினோவின் அந்தத் துளைக்கு 7 முதல் 12 வரைதான் சொல்லியிருக்கிறார்கள். அதை மறுபடி டின்னுக்கே அனுப்பினேன், என்னைக்காவது உதவும்.

பம்ப்பில் 1 ஆம்பியர் என்று இருந்தாலும் மோட்டார் கிளம்பும்போது அதைவிடக் கூடுதலாக இழுக்கும். ஆகவே 12 வோல்ட், 2 ஆம்பியர், சிரிம் தரச்சான்று ஒட்டுத்தாள் உள்ளதாகக் கேட்டு வாங்க எலக்ட்ரிக் கடைக்குப் போனேன். தௌக்கே எதற்கு என்று விசாரித்தார். செடிக்குத் தண்ணீர் ஊற்ற என்றேன். அவர் வாசலைப் பார்த்தார். மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஒன்றும் பேசாமல் பில் போட்டார்.

கருவி பழுதில்லாமல் வேலை செய்கிறது. அதாவது, மண் ஈரம் என்று சென்சார் சொல்கிறது, பம்ப் சும்மா இருக்கிறது. போன வாரம் வைஃபை மோடத்தின் அடாப்டர் கருகிவிட்டது. அதில் 12 வோல்ட், 1.5 ஆம்பியர், நடுவில் பிளஸ். நான் படித்து முடிப்பதற்குள் என் மனைவி பம்ப்பிலிருந்து என் அடாப்டரைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

“கறிவேப்பிலைக்கு நான் ஊத்திக்கிறேன். சீரியல் பாதியில நிக்குது, மொதல்ல இதைச் சொருகுங்க.”