உங்கள் பிள்ளை போனில் சொல்லாமல் விட்டது

செங்காங், சிங்கப்பூர்
டிசம்பர்

அன்புள்ள அத்தைக்கு,

நாங்கள் இருவரும் நலம். உங்கள் பிள்ளைக்கு மட்டும் கொஞ்சம் ஜலதோஷம். ஆபீஸ் ஏசியால் வந்தது என்று உங்களிடம் சொல்லியிருப்பார். நம்பாதீர்கள். "லீவுல ஊரெல்லாம் சுத்துனோம்மா, நல்லா இருந்துச்சு" என்று போனில் ஒரே வரியில் முடித்துவிட்டாரே, அந்த ஒரு வரிக்குள் நடந்ததையெல்லாம் எழுதத்தான் இந்தக் கடிதம்.

டிசம்பர் வந்தால் திருச்சி டிக்கெட் விலை தொட முடியாத இடத்துக்குப் போய்விடுகிறது. "அந்தக் காசுல பாதியை வச்சு இந்த ஊரையே டூரிஸ்ட் மாதிரி சுத்திப் பார்ப்போம்" என்று யோசனை சொன்னது அவர்தான். வந்த நாளிலிருந்து வீடு, ஆபீஸ், தேக்கா மார்க்கெட் தவிர வேறு எதையும் ஒழுங்காகப் பார்க்காத நானும் தலையாட்டிவிட்டேன். அங்கே மன்னார்குடியில் வடகிழக்குப் பருவமழை ஓயத் தொடங்கி நீங்கள் வடகம் பிழிய வெயில் பார்க்கிற நேரத்தில்தான் இங்கே அது உச்சத்துக்கு வருகிறது என்பது இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை.

குடை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். "இந்த ஊர்ல கூரை இல்லாத இடம் எங்க இருக்கு?" என்றார். அதில் கொஞ்சம் நியாயமும் உண்டு அத்தை. எங்கள் புளோக்கின் தரைத்தளத்திலிருந்து ரயில் நிலையம் வரை தலைக்கு மேல் கூரை போட்ட நடைபாதை. நிலையத்தைச் சுற்றி 400 மீட்டருக்குள் இருக்கிற வீடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் இப்படிக் கூரை போடுவது என்று 2013-லேயே திட்டம் போட்டு அரசாங்கமே கட்டியிருக்கிறது. ஆனால் கூரைக்கும் கூரைக்கும் நடுவில் சாலை என்று ஒன்று வருமே? அங்கே சிக்னல் சிவப்பாக இருந்தால் நனைய வேண்டியதுதான். பச்சை விழுந்தால் ஓடிக்கொண்டே நனையலாம்.

முதலில் மெர்லயன் பார்க்கப் போனோம். சிங்கத் தலை, மீன் உடம்பு, வாயிலிருந்து தண்ணீர் கொட்டும். காலண்டரில் பார்த்திருப்பீர்கள். 1972-ல் வைத்த சிலை. 8.6 மீட்டர்தான் உயரம், நம் ராஜகோபாலசாமி கோயில் கோபுரத்தைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அது ஒரு உயரமாகத் தோன்றவில்லை. போய் நின்றதும் பிடித்தது மழை. சிலை துப்புகிற தண்ணீர் எது, வானம் கொட்டுகிற தண்ணீர் எது என்று பிரிக்க முடியவில்லை. வழியில் ஒரு கடையில் வேண்டாவெறுப்பாக வாங்கிய குடை, அங்கே அடித்த காற்றில் உள்வெளியாகத் திரும்பிக்கொண்டது. உங்கள் பிள்ளை அதை மடக்கப் போராடிய காட்சியை ஜப்பான் நாட்டுக் குடும்பம் ஒன்று, சிலையை விட்டுவிட்டு, படம் எடுத்தது. 2009-ல் இதே சிலையின் தலையில் இடி விழுந்து சில்லு பெயர்ந்த கதையை நான் சொன்ன பிறகுதான் குடைக் கம்பியைக் கீழே போட்டார்.

அங்கே ஒரு விஷயத்தைக் கேட்டு அசந்துபோனேன். சிலைக்கு முன்னால் இருக்கிற விரிகுடா இப்போது கடல் இல்லையாம். கடல் சேருகிற வாயில் 2008-ல் அணை கட்டி, உப்புத் தண்ணீரை வெளியே நிறுத்தி, குடிதண்ணீர் ஏரியாக்கிவிட்டார்கள். நாட்டில் மூன்றில் இரண்டு பங்கு நிலத்தில் விழுகிற மழையை வாய்க்கால் வாய்க்காலாகச் சேர்த்து ஏரிகளில் நிரப்புகிறார்கள். ஆறு இருந்தும் கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று மாமா வருஷா வருஷம் சண்டை போடுவாரே, அவரிடம் இதைச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள், ஒரு மணி நேரம் பேசுவார்.

அடுத்து, மழைக்கு ஒதுங்கலாம் என்று கரையோரப் பூந்தோட்டத்துக்குப் போனோம். மரங்களுக்கு நடுவே உயரத்தில் போகிற நடைபாலம் இடி மின்னலுக்காக மூடிக் கிடந்தது. சரி என்று கண்ணாடிக் கூடத்துக்கு டிக்கெட் வாங்கினோம். உள்ளே செயற்கை மலை, 35 மீட்டர் அருவி, நேரம் வைத்து வருகிற பனிமூட்டம். வெளியே சும்மா பெய்கிற மழையை விட்டுவிட்டு உள்ளே காசு கொடுத்துச் சாரலில் நின்றோம். ஈரத் துணியோடு அந்தக் குளிரில் நின்றதுதான் ஜலதோஷத்தின் பூர்வீகம். அழகு என்னவோ அழகுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் குற்றாலம் பார்த்தவர்கள் அந்த டிக்கெட் காசைச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்வது நல்லது.

சாப்பாடு என்றதும் லாவ் பா சாட் ஞாபகம் வருகிறது. 1894-ல் கட்டிய எண்கோணச் சந்தை, இரும்புத் தூண்களையெல்லாம் கிளாஸ்கோவிலிருந்து கப்பலில் கொண்டுவந்தார்களாம். இப்போது உணவங்காடி. சாயங்காலம் பக்கத்துத் தெருவை மறித்து, சாலையிலேயே மேசை போட்டு, கரி அடுப்பில் சாத்தே சுடுவார்கள். குச்சியில் கோத்த கோழித் துண்டு, தொட்டுக்கொள்ள இனிப்பும் காரமுமாக வேர்க்கடலைச் சாறு. நாங்கள் முதல் குச்சியைக் கையில் எடுத்ததும் மறுபடி மழை. தெருவே தட்டைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குள் ஓடியது.

உள்ளே ஒரே ஒரு மேசை காலி. அதன் மேல் ஒரு டிஷ்யூ பாக்கெட். இந்த ஊரில் டிஷ்யூ பாக்கெட் வைத்தால் அந்த இடம் ஆள் பிடித்துவிட்டது என்று பொருள். பஸ்ஸில் துண்டு போடுகிற வழக்கம்தான், இங்கே காகிதத்தில். உங்கள் பிள்ளைக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்தும், உட்கார்ந்தார். அதோடு விட்டாரா? பாக்கெட்டைப் பிரித்துத் தலையைத் துவட்டினார். நூடுல்ஸ் கிண்ணத்தோடு வந்து நின்ற சீனப் பாட்டி, பாக்கெட்டைப் பார்த்தார், இவர் தலையைப் பார்த்தார், மிச்சமிருந்த இரண்டு தாளையும் எடுத்து இவர் கையிலேயே கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். அப்புறம் என் சாத்தேயில் ஒரு குச்சி அவருக்கு, அவருடைய மீன் உருண்டையில் இரண்டு எனக்கு. உங்கள் பிள்ளை தலை நிமிராமல் சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியா. தேக்கா மார்க்கெட் இருக்கிற, அடிக்கடி பார்க்கிற இடம்தான் என்றாலும் மழையில் பார்த்ததில்லை. சிராங்கூன் ரோட்டுப் பழைய கடைகளுக்கு முன்னால் ஐந்தடி அகலத்தில் திண்ணை போல ஓடுகிற நடைபாதை இருக்கிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் கடைக்கும் முன்னால் கூரையோடு வழி விட வேண்டும் என்று 1822-லேயே ராஃபிள்ஸ் துரை ஊர்த் திட்டத்தில் எழுதி வைத்தாராம். பூ கட்டுகிறவர், கிளி ஜோசியர், காய்கறித் தட்டு, நம்மைப் போல ஒதுங்கி நிற்பவர்கள் எல்லாருக்கும் நெடுங்காலமாக அதுதான் கூரை.

ஞாயிறு என்பதால் வேலையாட்கள் கூட்டம். கப்பல் பட்டறையிலும் கட்டடத்திலும் வாரம் முழுக்க உழைத்துவிட்டு, பணம் அனுப்பவும் ஊர்ச் சாப்பாடு சாப்பிடவும் வருகிறவர்கள். எங்கள் பக்கத்தில் நின்ற தம்பிக்கு நம் பக்கத்து ஊர், வடுவூர். துவாஸிலிருந்து வந்திருந்தார், தீவின் மேற்குக் கடைசி அது. "ஒரு நாள்தான்க்கா கெடைக்குது, அதுலயும் மழ" என்றார். போனில் மனைவிக்கு மழையைக் காட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் டூரிஸ்ட் மாதிரி சுற்றுகிறோம் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கிளம்பும்போது, "பஃபலோ ரோட்டுக் கடை ஓரமாவே போங்க, ஸ்டேஷன் வந்துரும், நனைய மாட்டீங்க" என்று வழி சொன்னார். கூரையைப் பற்றிப் பேச உங்கள் பிள்ளையைவிட அவருக்குத்தான் அருகதை.

அதற்கு முன்னால் ரேஸ்கோர்ஸ் ரோட்டில் மீன்தலைக் கறி சாப்பிட்டோம். மார்கழி பிறக்கவில்லை, பயப்படாதீர்கள். 1949-ல் கேரளத்துக்காரரான எம்.ஜே. கோமஸ் இந்த ஊரில் தொடங்கிவைத்த கறி என்கிறார்கள். மீன் தலை சீனர்களுக்கு உசத்தி, குழம்பு நமக்கு உசத்தி. இரண்டையும் ஒரே சட்டியில் போட்டுவிட்டார். வாழை இலையில் சோறு, நடுவில் சட்டி நிறைய ஒரு முழுச் சங்கரா மீன் தலை, புளிக் குழம்பில் வெண்டைக்காய், கத்தரிக்காய். அன்னாசிப் பழமும் போடுகிறார்கள் அத்தை. முகம் சுளிக்காதீர்கள், அந்தப் புளிப்புக்கு அது பொருந்துகிறது. "எங்கம்மா குழம்புகிட்ட நிக்க முடியாது" என்று உங்கள் பிள்ளை சொன்னார். சொல்லிவிட்டு இரண்டு முறை சோறு கேட்டு வாங்கினார்.

தைப்பூசத்துக்கு நீங்களும் மாமாவும் கட்டாயம் வர வேண்டும். அதற்குள் மழை குறைந்துவிடும். சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலில் காவடி புறப்பட்டு டேங்க் ரோடு முருகன் கோயிலுக்குப் போவதைப் பக்கத்திலிருந்தே பார்க்கலாம். மெர்லயனுக்குக் கூட்டிப்போகச் சொல்லி உங்கள் பிள்ளை கிளம்பினால், கால் வலிக்கிறது என்று சொல்லிவிடுங்கள், நாம் தேக்காவுக்குப் போவோம். மாமாவின் பாஸ்போர்ட் காலாவதியாகிக் கிடப்பதாகச் சொன்னீர்கள். இந்த வாரமே தஞ்சாவூர் பாஸ்போர்ட் ஆபீசுக்கு அனுப்பிவையுங்கள். அது கைக்கு வந்த பிறகுதான் விசாவுக்கு எழுதிப் போட முடியும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகள்