ஓசி அறையின் விலை

நண்பர் ஒருவர் மெக்சிகோவின் கான்குன் கடற்கரையில் நான்கு இரவுகள் 'இலவசமாக'த் தங்கிவிட்டு வந்தார். அறை, மூன்று வேளைச் சாப்பாடு, நள்ளிரவு நொறுக்குத்தீனி, கேட்டபோதெல்லாம் டக்கீலா என எல்லாம் உள்ளடங்கிய சொகுசு விடுதி. அத்தனையும் விடுதிகளில் தங்கித் தங்கிச் சேர்த்த புள்ளிகளின் புண்ணியம்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர் சேர்ந்திருக்கும் விடுதி விசுவாசத் திட்டத்தில் 1 டாலர் செலவழித்தால் 10 புள்ளி. ஓர் இரவுக்கு 1,00,000 புள்ளி. ஆக, ஓர் ஓசி இரவுக்காக 10,000 டாலருக்கு வேறு ஊர்களில் தூங்கியிருக்கிறார். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்! ஆனால் நண்பர் விவரமானவர். தூங்கியது அவர், பில் கட்டியது அவருடைய கம்பெனி.

1950-இல் மயோர்க்கா தீவில் கிளப் மெட் நிறுவனம் தங்குவதும் சாப்பாடும் உள்ளடங்கிய இந்த வகை விடுமுறையைத் தொடங்கியபோது இருந்தவை கூடாரங்கள்தாம். பிற்பாடு அந்த நிறுவனத்தின் விடுதி மதுக்கடைகளில் காசு செல்லவில்லை. காசுக்குப் பதிலாகக் கழுத்து மாலையிலிருந்து மணியைக் கழற்றிக் கொடுக்க வேண்டியிருந்தது. காசு கண்ணில் படாவிட்டால் செலவு வலிக்காது அல்லவா? 1983-இல் ஹாலிடே இன் விடுதி நிறுவனம் விசுவாசத் திட்டத்தைக் கொண்டுவந்தது. மணி இருந்த இடத்தில் இன்று புள்ளி. அதை வழங்குபவரே அதன் மதிப்பையும் குறைக்கலாம். சேர்த்தவர் விசுவாசமாக இருந்தால் போதும்.

"கடல் எப்படி?" என்றேன் நண்பரிடம்.

"எங்கே பார்த்தோம்? கரை முழுக்க சர்காசம் பாசி, ஒரே நாற்றம்."

எல்லாம் உள்ளடங்கியது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்களே!